கொடி இறங்கும் வரை

'அளவில்லாமல் சாப்பிடலாம்' என்று எழுதிப் போட்டிருக்கிற ஓட்டலுக்குப் போகிறவர்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம். 'பசிக்கிற அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு வருவோம்' என்று போகிறவர்கள் ஒரு கட்சி. 'ஒரு கை பார்த்துவிடுவோம்' என்று போகிறவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. பி.காம். படித்தவன். கொடுத்த காசும் வாங்கிய சரக்கும் நேராகாவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

இந்தக் கட்சியில் நான் உறுப்பினரானது 2011-ல். ஆபீஸில் ஒரு சீனியர் எங்களையெல்லாம் விட்டுவிட்டு டி.வி. சேனலுக்குப் போனார். (சம்பளம் இரண்டு மடங்கு. அந்த வயிற்றெரிச்சல் தனி.) போகிற போக்கில் எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரு பார்பெக்யூ ரெஸ்டாரன்ட்டில் மதிய விருந்து வைத்தார். அதுவரை எனக்குத் தெரிந்த அன்லிமிடெட், திருவல்லிக்கேணி மெஸ்ஸில் டோக்கன் வாங்கிச் சாப்பிடுகிற முழுச் சாப்பாடுதான். அங்கே சோறும் சாம்பாரும்தான் அன்லிமிடெட். அப்பளம் இரண்டாவது கேட்டால் சர்வர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும்.

இங்கே கதை வேறு. மேஜைக்கு நடுவில் செவ்வகமாக ஒரு பள்ளம். நாம் உட்கார்ந்ததும் ஒரு பையன் இரும்புப் பெட்டியில் கனகனவென்று தணல் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் இறக்குகிறான். அதன்மேல் குறுக்காகக் கம்பிகளை அடுக்குகிறான். கம்பியில் கோழி, மீன், இறால், காளான், பனீர். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணமும் ஒரு பிரஷ்ஷும். நாமே தடவி, நாமே திருப்பி, நாமே சுட்டுச் சாப்பிடலாம். மேஜை ஓரத்தில் பொம்மைக் கல்யாணத்துக்குக் கட்டுகிற சைஸில் ஒரு கொடி. அது நிமிர்ந்து நிற்கிறவரை கம்பிகள் வந்துகொண்டே இருக்கும். கொடியை இறக்கினால் 'போதும்' என்று அர்த்தம்.

பார்பெக்யூ என்ற வார்த்தையே கரீபியன் தீவுகளில் பிறந்ததாம். தைனோ என்ற பழங்குடிகளின் சொல். குச்சிகளால் கட்டிய பரணுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். அதை ஸ்பானியர்கள் 'பார்பகோவா' என்று வாங்கிக்கொண்டு போய் ஐரோப்பாவில் விட, அது சுற்றிச் சுற்றிச் சென்னைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் குழுவில் அனுபவஸ்தர் ஒருவர் இருந்தார். முந்தின நாளே சட்டதிட்டங்களை அறிவித்துவிட்டார். காலை டிபன் கூடாது. சூப்பைத் தொடக்கூடாது. முதலில் உருளைக்கிழங்கு வரும், ஏமாறக்கூடாது. பனீர் வரும், புன்னகையோடு மறுக்க வேண்டும். தண்ணீர் ஒரு மடக்குக்கு மேல் கூடாது. பிரியாணிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. இறாலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. உருளைக்கிழங்குதான் முதலில் வந்தது, வந்துகொண்டே இருந்தது. இறால் மட்டும் அரசு விரைவுப் பேருந்து மாதிரி எப்போதோ ஒன்று வந்தது. விலை குறைந்த சரக்கு வேகமாக வரும், விலை கூடின சரக்கு மெதுவாக வரும். முதலாளியும் என்னைப் போல ஒரு பி.காமாகத்தான் இருக்க வேண்டும்.

பொருளாதாரத்தில் ஒரு விதி உண்டு. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பேர்தான் பயமுறுத்தும், விஷயம் சுலபம். முதல் மாம்பழம் தருகிற சந்தோஷத்தை ஐந்தாவது மாம்பழம் தராது. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கினார். பரீட்சையில் இந்தக் கேள்விக்குப் படமெல்லாம் போட்டு முழு மார்க் வாங்கியவன் நான். அன்றைக்குப் பதினெட்டாவது கம்பியில் மார்ஷல் எதிரே வந்து நின்றார். 'போதும் தம்பி' என்றார். நான் கேட்கவில்லை. இருபத்து மூன்று கம்பி. அன்று சாயங்காலம் நான் எடிட் செய்த செய்தியில் ஒரு விபத்து, மாவட்டம் விட்டு மாவட்டம் போய் நடந்திருந்தது. மறுநாள் திருத்தம் போட்டார்கள்.

இந்தப் பெருமை எனக்கு மட்டும் சொந்தமில்லை. பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை என்று ஒன்று இருக்கிறது. முடத்தாமக்கண்ணியார் பாடியது. கரிகால் சோழன் வீட்டு விருந்துக்குப் போய்வந்த ஒரு பொருநன், வழியில் பார்த்த இன்னொரு பொருநனிடம் அனுபவத்தைச் சொல்கிறான். கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி. சூடு தாங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றித் தின்கிறார்கள். சலித்துப்போய் 'இது வேண்டாம்' என்றால் விதவிதமான வடிவத்தில் பலகாரம் வருகிறது. ராத்திரி பகலாகத் தின்றதில், கொல்லையை உழுத கொழுமுனை போலப் பல் மழுங்கிப்போய்விட்டது என்கிறான். மூச்சுவிட இடமில்லாத நிலைமையில்தான் 'ஊருக்குப் போய் வருகிறோம்' என்று விடை கேட்கிறான்.

ஸ்டார்ட்டர், டெசர்ட், மூச்சுத்திணறல். வரிசைகூட மாறவில்லை பாருங்கள். அவனிடம் இறக்குவதற்குக் கொடி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

*

2023 மே மாதம். மகள் ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். எங்கே ட்ரீட் என்றதற்குப் பையன் முந்திக்கொண்டு 'பார்பெக்யூ' என்றான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு. அப்பா தவறிய பிறகு அம்மா வெளியே வருவதே குறைந்துவிட்டது. 'நான் எதுக்குடா, வீட்டுல சாதம் இருக்கு' என்றவளை வற்புறுத்தி, பேத்தியின் மார்க்கைக் காட்டி மிரட்டி, காரில் ஏற்றினோம்.

தலைக்கு 950 ரூபாய். ஒன்பதாவது படிக்கிற பையனுக்குக் குழந்தை ரேட் போட முடியுமா என்று வாசலில் கேட்டேன். ரிசப்ஷனில் இருந்த பெண் அவன் மீசையைப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சிரித்தார். ஆக ஐந்து தலை. 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 4,987 ரூபாய் 50 காசு. ஆளுக்கு 997 ரூபாய் 50 காசு. உட்காரும்போதே மனக்கணக்கு முடிந்துவிட்டது.

தணல் வந்து இறங்கியது. அம்மாவின் முகம் மாறியது.

"ஏண்டா, கரி அடுப்பு!"

கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா குமுட்டியில்தான் சமைத்தாளாம். எனக்கு நினைவு தெரியும்போது எங்கள் வீட்டில் கேஸ் வந்துவிட்டது. பல வருஷம் கழித்து ஊர்க்காரரைப் பார்த்தமாதிரி அந்தத் தணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் ஒரு கம்பியை எடுத்துத் தணலுக்கு மேல் ஆட்டினான். எண்ணெய் சொட்டி குபுக்கென்று தீ எழுந்தது.

"இப்படிக் குடு. தீயில வாட்டக் கூடாது, தணல்ல வாட்டணும்."

அவ்வளவுதான். கம்பிகள் அம்மாவின் கைக்குப் போய்விட்டன.

பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே. எந்தக் கம்பி எங்கே, எதை எப்போது திருப்புவது, எதை ஓரத்துக்குத் தள்ளுவது, எல்லாம் அம்மாவின் நிர்வாகம். கோழியை நடுவில் வைத்தாள். மீனை ஓரத்தில் வைத்தாள். தீ எழும்போது கம்பியைத் தூக்கிப் பிடித்து, அடங்கியதும் இறக்கினாள். எங்கள் மேஜைப் பொறுப்பில் இருந்த பையன் ஒடிசாக்காரன். தமிழ் அரைகுறை. 'அம்மா, சூப்பர்' என்று அவனே சர்ட்டிபிகேட் கொடுத்தான்.

"இது என்னப்பா மீனு?"

"பாசா, அம்மா."

"எந்தக் கடல்ல பிடிக்கிறாங்க?"

அவன் முழித்தான். நான் செல்போனில் தேடிச் சொன்னேன். வியட்நாம் பக்கத்து மீன், ஆற்று மீன், கெளுத்தி வகையறா.

"அதானே பார்த்தேன். கெளுத்தி மாதிரிதான் இருக்கு. மசாலா உள்ள எறங்கல."

நாங்கள் சிரித்தோம். எங்கள் தட்டுகளில் சுடச்சுட விழுந்துகொண்டே இருந்தது. 'பாட்டி, எனக்கு.' 'அத்தை, அந்தக் காளான்.' மகள் செல்போனில் படம் எடுத்தாள். இறால் மூன்று தடவை வந்தது, மூன்று தடவையும் ஒன்றுகூட வீணாகவில்லை. நான் கம்பிக் கணக்கில் கவனமாக இருந்தேன். அன்றைக்குப் பத்தொன்பது. வயசாகிறது.

நடுவில் ஒருமுறை அம்மா அந்தப் பையனிடம் கேட்டாள்: "ஏம்ப்பா, இந்தப் பானைக்கு அடியே கிடையாதா?"

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. ஜோக் என்று நினைத்துக்கொண்டேன்.

*

வீட்டுக்கு வந்து படுத்தேன். பதினொன்றரை இருக்கும். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம். பூனையோ என்று எழுந்து போனேன்.

லைட் போடவில்லை. ஜன்னல் வழியாக வந்த தெருவிளக்கு வெளிச்சத்தில், மேடையில் சாய்ந்தபடி நின்றுகொண்டு, அம்மா மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாதம். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய்.

"என்னம்மா, அங்க சாப்பிடலையா?"

மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி சிரித்தாள். "சாப்பிட்டேனே. உருளைக்கிழங்கு ரெண்டு. மீனு ஒண்ணு. அப்புறம் அந்த ஐஸ்கிரீம்."

"அவ்ளோதானா?"

"உங்களுக்கெல்லாம் பாத்துப் பாத்து வெச்சதுல நேரம் போனதே தெரியலடா. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. குமுட்டி முன்னால உக்காந்து எத்தனை வருஷமாச்சு! வீட்டுக்கு வந்தப்புறம்தான் பசிச்சுது. நீ போய்ப் படு."

எனக்கு முதலில் வந்தது கோபம். எதன்மேல்? வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த 997 ரூபாய் 50 காசின் மேல். இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு மீன், ஒரு ஐஸ்கிரீம். இதை வெளியே வாங்கினால் நூற்றைம்பது ரூபாய் ஆகுமா? காசையும் கொடுத்து, அம்மாவை அங்கே சமையலுக்கும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். படுக்கையில் புரண்டுகொண்டே நஷ்டக் கணக்குப் போட்டேன்.

ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார நிபுணர் இந்த மனக்கோளாறைப் பற்றி 1980-லேயே எழுதியிருக்கிறார். 40 டாலர் கொடுத்துக் கூடைப்பந்து மேட்சுக்கு டிக்கெட் வாங்கிய ஒரு குடும்பம். மேட்ச் 60 மைல் தள்ளி. அன்றைக்குப் பார்த்துப் பனிப்புயல். ஓசி டிக்கெட்டாக இருந்தால் வீட்டில் இருப்பார்கள். காசு கொடுத்துவிட்டதால் புயலில் கிளம்புகிறார்கள். போன காசு போனதுதான், அதை மீட்கிறேன் என்று போய்ப் புதுக் கஷ்டத்தை இழுத்துக்கொள்ளாதே என்பது பாடம். 2017-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அம்மா தின்னாத இறாலைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க வேண்டிய கணக்கு வேறு என்று புரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது.

*

2024 ஜூன். காலையில் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போன அம்மா, தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, படியில் இல்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனாலே ரத்தசோகைக் கணக்கில் வந்துவிடும். எடையும் குறைந்திருந்தது. உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க இன்னும் சில டெஸ்ட். அந்த ரிசல்ட் வருகிறவரை நான் பட்ட பாடு தனிக்கதை. ஒன்றும் இல்லை என்று வந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி, ஒருநாளைக்கு அம்மா என்ன சாப்பிடறாங்க?" என்று கேட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

எங்களுக்குத் தெரியவில்லை.

என்ன சமைக்கிறாள் என்று தெரியும். யாருக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும் என்பது தெரியும். பையனுக்கு முறுகல் தோசை, மகளுக்கு மிளகாய்ப்பொடியில் நெய், எனக்குக் குழம்பில் கிடக்கிற மீன் தலை. ஆனால் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டுக் கடைசியாக எப்போது பார்த்தோம்? நாங்கள் நான்கு பேரும் முடித்து, டி.வி. முன்னால் போன பிறகு அவள் சாப்பிடுவாள். என்ன சாப்பிடுவாள், எவ்வளவு சாப்பிடுவாள்? ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இருட்டில் பார்த்த அந்த மோர் சாதம்தான் எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி.

அம்மாவே பதில் சொன்னாள். "காலையில காபி, ரெண்டு இட்லி இருந்தா இட்லி. மத்தியானம் ரசம் சாதம். ராத்திரி மோர் சாதம். இந்த வயசுல இது போதாதா டாக்டர்?"

"போதாதும்மா" என்றார் டாக்டர். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையைக் காபியோடு போடக்கூடாது, கீரை, மீன், ஈரல், பயறு, முட்டை சேர்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் அம்மா வாராவாரம் சமைக்கிறாள். எங்களுக்கு.

காரில் வரும்போது கேட்டேன். "ஏம்மா, எல்லாரும் சாப்பிடும்போது நீயும் உக்காந்தா என்ன?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பழக்கம்டா. கடைசியா சாப்பிடறவளுக்குத்தான் பானையில எவ்ளோ இருக்குன்னு தெரியும்."

அம்மா பிறந்தது 1953-ல், விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில். ஐந்து பெண்களில் மூத்தவள். 1965-ல் அவளுக்குப் பன்னிரண்டு வயசு. வாரத்தில் ஒருவேளை, திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்ட வருஷம். தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு எவ்வளவு கடுமை என்பதற்கு, 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி போட்ட போடே சாட்சி. ஜெயித்த பிறகு ரூபாய்க்கு ஒரு படிதான் கொடுக்க முடிந்தது, அதுவும் சென்னையிலும் கோவையிலும்தான். அம்மாவின் கிராமத்துக்கு அதுவும் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஏழு பேருக்கு ஒரு பானைச் சோற்றைப் பங்கு போடும் வேலை அம்மாவின் அம்மாவுக்கு. பிறகு மூத்த பெண்ணுக்கு. யாருக்கு இன்னொரு கரண்டி, யாருக்கு அரைக் கரண்டி, வேலைக்குப் போகிறவருக்கு எவ்வளவு, கைக்குழந்தைக்கு எவ்வளவு. போடுகிறவள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் கடைசி ஆளுக்கு இல்லாமல் போகும். அதனால் அவள் கடைசி. நான் மூன்று வருஷம் காலேஜில் படித்த காஸ்ட் அக்கவுன்ட்டிங்கை அம்மா பன்னிரண்டு வயசில் கரண்டியால் படித்திருக்கிறாள். தட்டுப்பாடு போய்விட்டது. அரிசி மூட்டையில் வருகிறது. கரண்டிக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

'இந்தப் பானைக்கு அடியே கிடையாதா' என்று அவள் கேட்டது ஜோக் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அடி தெரியாத பானையில் எப்படிப் பங்கு போடுவது, தன் முறை எப்போது வரும்?

வீட்டுக்கு வந்து பொருநராற்றுப்படையை எடுத்து மறுபடி பார்த்தேன். கம்பியில் சுட்ட கறி இருக்கிறது. பொற்கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். கறியைச் சுட்டது யார் என்று இல்லை. தின்று பல் மழுங்கியவனுக்கு அது தெரிந்திருக்கவும் நியாயமில்லை. நானே பத்தொன்பது கம்பி தின்றுவிட்டு, திருப்பினவள் தட்டைப் பார்க்காமல் வந்தவன்தானே.

*

வீட்டில் புதுச் சட்டம் போட்டோம். ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். பாத்திரங்கள் மேஜைக்கு வரும். அவரவர் போட்டுக்கொள்வது.

சட்டம் போடுவது சுலபம். முதல் வாரமே தோசையில் தடுக்கி விழுந்தது. சாதமென்றால் கொண்டுவந்து வைத்துவிடலாம். தோசைக்கு யாராவது அடுப்படியில் நின்றாக வேண்டுமே? "எல்லாரும் உக்காந்தா தோசை தானா வந்து விழுமா?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி. முறை வைத்தோம். திங்கள் நான், புதன் மகள், வெள்ளி மனைவி. பையனுக்கு ஞாயிறு. என் தோசை வட்டம் என்ற வடிவத்தோடு எந்த உறவும் வைத்துக்கொள்வதில்லை. முதல் தோசை அம்மாவுக்குத்தான் போக வேண்டும் என்பது விதி. அதை அவள் தட்டில் வைத்ததும் பேரன் தட்டுக்குத் தள்ளுவாள். அவன் திருப்பி வைப்பான். ஒரு தோசைக்கு இத்தனை பஞ்சாயத்து. பத்து நாளில் ஆறிப்போன தோசைதான் மிச்சம் என்று ஆனதும், சலித்துப்போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள்.

எதிரே உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அம்மாவுக்குப் புளிக்குழம்பே பிடிக்காது. ஐம்பது வருஷமாக வாரம் இரண்டு முறை வைக்கிறாள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்பதால் வைத்தாள், பிறகு எனக்குப் பிடிக்கும் என்பதால்.

2025 ஜனவரியில் ஹீமோகுளோபின் 11.2 ஆனது. அந்த மாதமே அம்மாவுக்கு 72-வது பிறந்தநாள். எங்கே போகலாம் என்று கேட்டோம். கோயில் என்பாள் என்று நினைத்தேன்.

"அந்தக் கரி அடுப்புக் கடைக்குப் போலாமா?"

போனோம். இந்த முறை ஏற்பாடு வேறு. அம்மாவை மேஜையின் கோடியில், கம்பி கைக்கு எட்டாத இடத்தில் உட்காரவைத்தேன். பிரஷ்ஷை நான் எடுத்துக்கொண்டேன்.

"திருப்புடா, கருகுது."

"பாத்துக்கறேம்மா."

"அதை ஓரத்துக்குத் தள்ளு. தீ எழும்புது பார்."

"நீ சாப்பிடு."

இரண்டு கோழித்துண்டில் கரி வாசனை கொஞ்சம் தூக்கல். மகள் அதைத் தின்றுவிட்டுத் தியாகி மாதிரி என்னைப் பார்த்தாள். மற்றபடி மோசமில்லை. எவ்வளவு வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு கம்பியைத் திருப்பினால் இன்னொன்று கருகும். ஒருவர் தட்டைப் பார்த்தால் இன்னொருவர் தட்டு காலியாக இருக்கும். முகத்தில் அனல். கையில் எண்ணெய். அம்மா இரண்டு மீன் சாப்பிட்டாள். இறால் ஒன்பது. (எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியாது.) கம்பியில் சுட்ட அன்னாசித் துண்டு வந்தபோது, 'இதையெல்லாமா சுடறாங்க' என்றாள். ஒரு கடி கடித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்து நான்கு துண்டு போனது. பக்கத்து மேஜையில் யாருக்கோ கேக் வெட்டிக் கைதட்டிப் பாடினார்கள். எங்களுக்கும் வந்து பாடினார்கள். அம்மா வெட்கப்பட்டுத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "போதும்னா என்ன பண்ணணும்?"

"கொடியை இறக்கணும் பாட்டி" என்றான் பையன்.

அம்மா கையை நீட்டிக் கொடியை மெல்ல இறக்கினாள். எங்கள் வீட்டில் அவள் 'எனக்குப் போதும்' என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு பையன் ஓடிவந்தான். போன தடவை பார்த்தவன் இல்லை, வேறு ஆள்.

"போதுமா அம்மா?"

"எனக்குப் போதும்ப்பா" என்றாள். பிறகு மேஜையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் கண் என் தட்டில் வந்து நின்றது. அதில் ஒரே ஒரு உருளைக்கிழங்கு, அதுவும் ஆறிப்போய்.

"ஐயய்யோ, இவன் எங்க சாப்பிட்டான்? சுட்டுக்கிட்டே இருந்தானே!" என்றபடி, இறக்கின கொடியை மறுபடி நிமிர்த்தி வைத்தாள்.